சாயம் ஏறாத மூளை: டாக்டர் பால் எர்லிக்கின் வாழ்க்கை

சளி பிடித்தால் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். சில மாத்திரைகளைப் போட்டால் அரை மணி நேரத்தில் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்துவிடுகிறது. வேறு சில மாத்திரைகளில் அவ்வளவு தூக்கம் வருவதில்லை. மூக்கு ஒழுகுவதை இரண்டுமே நிறுத்துகின்றன. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

முதல் மாத்திரையில் உள்ள மருந்து மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. இரண்டாவது மாத்திரையின் மருந்து பெரும்பாலும் மூளையின் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது.

மூளைக்கு வாசல் உண்டா? காவல் உண்டா? உண்டு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. ரத்தத்தில் வருவதையெல்லாம் அது உள்ளே விடுவதில்லை. இந்த வேலியின் அடையாளத்தை முதன்முதலில் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் பால் எர்லிக். நோபல் பரிசு பெற்றவர். உலகமே புகழ்ந்தவர். ஆனால் தாம் கண்டது ஒரு வேலியின் அடையாளம் என்பது அவருக்கே தெரியவில்லை. பிற்காலத்தில் அவர் கண்டுபிடித்த மிகப் பெரிய மருந்தே அந்த வேலியில் போய் முட்டிக்கொண்டது.

அந்த மேதையின் வாழ்க்கைக் கதை இது.

சாயக்கறை படிந்த மாணவன்

1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஸ்டிரெலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் எர்லிக் பிறந்தார். அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை இஸ்மார் எர்லிக் விடுதி நடத்தியவர்; மதுபானம் வடிக்கும் தொழிலும் செய்தார். தாயார் பெயர் ரோசா.

பள்ளிக்கூடத்தில் எர்லிக் கணக்கிலும் லத்தீனிலும் கெட்டிக்காரர். கட்டுரை எழுதச் சொன்னால் மட்டும் தடுமாறுவார். வாழ்க்கை ஒரு கனவு என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, வாழ்க்கை என்பது உடம்புக்குள் பிராணவாயு எரிகிற வேலை என்றும், கனவு என்பது மூளைக்குள் தோன்றும் ஒருவகை ஒளி என்றும் எழுதி ஆசிரியரிடம் திட்டு வாங்கியதாக ஒரு கதை சொல்வார்கள்.

அவருடைய வாழ்க்கைக்குத் திருப்பம் தந்தவர் தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட். ஒன்பது வயது மூத்தவர். டாக்டர். உடம்பின் சதையை மெல்லிய ஏடுபோலச் சீவி, சாயம் தோய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதில் முன்னோடி. அண்ணன் காட்டிய அந்த வண்ணக் காட்சியில் தம்பி சொக்கிப் போனார்.

அது சாயங்களின் காலம். 1856-ல் இங்கிலாந்தில் பெர்கின் என்ற இளைஞர் தாரிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு முதல் செயற்கைச் சாயத்தைச் செய்துவிட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மன் தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கான சாயங்களை உற்பத்தி செய்து குவித்தன. நம் நாட்டு அவுரி நீலத்துக்கு 1897-க்குப் பிறகு சந்தையில் இடமில்லாமல் செய்ததும் இதே ஜெர்மன் சாயத் தொழிற்சாலைகள்தான். துணிக்காக வந்த அந்தச் சாயங்களை எர்லிக் மனித உடம்புக்காக எடுத்துக்கொண்டார்.

பிரெஸ்லா, ஸ்டிராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் என்று ஊர் ஊராகப் போய் மருத்துவம் படித்தார். விரல்களிலும் மேஜையிலும் எப்போதும் சாயக்கறை. பாடப் புத்தகத்தைவிடச் சாயக் கிண்ணமே அவருக்குப் பெரிது. புகழ்பெற்ற டாக்டர் கோக்கிடம் ஒருமுறை இவரைக் காட்டி, சாயம் போடுவதில் சூரன், பரீட்சையில் மட்டும் தேறமாட்டான் என்று அறிமுகம் செய்தார்களாம். ஆனால் தேறினார். 1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் பொருளும் சாயம்தான்.

ரத்தமும் கிருமியும்

பெர்லினில் உள்ள சாரிட்டே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே டாக்டர் பிரெரிக்ஸ் தலைவர். எர்லிக்கை அவருடைய போக்கில் விட்டவர். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்த எர்லிக், வெள்ளை அணுக்களில் பல ஜாதி உண்டு என்பதைப் பிரித்துக் காட்டினார். இன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெள்ளை அணுக்களை வகை வகையாக எண்ணி எழுதுகிறார்களே, அந்த வழக்கத்துக்கு வித்திட்டவர் அவர்.

1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி பெர்லினில் நடந்த கூட்டத்தில், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுவிட்டதாக ராபர்ட் கோக் அறிவித்தார். எர்லிக் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கோக் செய்த முறையில் கிருமிக்குச் சாயம் ஏற்றுவது கடினமாக இருந்தது. எர்லிக் சீக்கிரமே சுலபமான முறை ஒன்றைக் கண்டார். சாயம் போட்ட கண்ணாடித் துண்டுகளைக் காயட்டும் என்று அணைந்த அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போனார் என்றும், காலையில் வேலைக்காரி தெரியாமல் அடுப்பை மூட்டிவிட, அந்தச் சூட்டில் சாயம் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்றும் சொல்வார்கள். அந்த முறையைப் பிறகு வேறு இருவர் திருத்தினார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் சளி வாங்கிக் காசநோய்க் கிருமியைத் தேடும் பரிசோதனை அந்த வழியில் வந்ததுதான்.

1883-ல் எர்லிக்குக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஹெட்விக், ஜவுளித் தொழில் செய்த வசதியான குடும்பத்துப் பெண். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

மூளை மட்டும் வெளுப்பு

இப்போது நம் கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம்.

உயிருள்ள உடம்பின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பிராணவாயு தேவை என்று அறிய எர்லிக் விரும்பினார். அதற்குச் சில சாயங்களை விலங்குகளின் உடம்பில் ஊசி மூலம் செலுத்தினார். சாயம் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் ஓடியது. பிறகு உறுப்புகளைத் திறந்து பார்த்தார். ஈரலில் சாயம். சிறுநீரகத்தில் சாயம். சதையில் சாயம். மூளையும் தண்டுவடமும் மட்டும் சாயம் ஏறாமல் வெளுப்பாகவே இருந்தன.

1885-ல் வெளியிட்ட நூலில் இதை அவர் பதிவு செய்தார். காரணமும் சொன்னார். சாயம் ஒரு பொருளில் ஏற வேண்டுமானால் சாயத்துக்கும் அந்தப் பொருளுக்கும் ஒட்டுறவு இருக்க வேண்டும். பஞ்சில் பிடிக்கிற சாயம் பட்டில் பிடிக்காமல் போவதுபோல, இந்தச் சாயங்களுக்கும் மூளைக்கும் ஒட்டுறவு இல்லை என்று கருதினார்.

பார்த்தால் நியாயமான விளக்கம்தான். அதற்குத் துணையும் கிடைத்தது. மறு ஆண்டே மெத்திலின் நீலம் என்ற இன்னொரு சாயம் உயிருள்ள நரம்புகளில் அழகாக ஏறுவதை அவர் காட்டினார். ஒரு சாயம் நரம்பில் ஏறுகிறது, இன்னொன்று ஏறவில்லை என்றால் குற்றம் சாயத்தின் தன்மையில்தான் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் வேறொரு கேள்வியும் இருந்தது. சாயம் மூளைக்குள் போய்ச் சேர்ந்தும் ஒட்டவில்லையா? அல்லது போய்ச் சேரவே இல்லையா? வண்டி ஸ்டேஷனுக்கு வந்தும் பயணி இறங்கவில்லை என்பது வேறு. வண்டியே ஸ்டேஷனுக்குள் வரவில்லை என்பது வேறு. இந்த இரண்டாவது கேள்வியை எர்லிக் கேட்கவில்லை.

அவர் கேட்காததற்குக் காரணம் அசட்டை இல்லை. ஒட்டினால்தான் வேலை செய்யும் என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. சாயமோ, விஷமோ, மருந்தோ எதுவானாலும் உடம்பில் தனக்குப் பொருத்தமான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால்தான் பலன் என்று அவர் நம்பினார். பூட்டுக்கு ஏற்ற சாவிபோல. அந்தக் கொள்கை அவருக்குப் பல கதவுகளைத் திறந்துவிட்டது. இந்த ஒரு கதவை மட்டும் மறைத்துவிட்டது.

சொந்தச் சளியில் கிருமி

1885-ல் பிரெரிக்ஸ் காலமானார். அடுத்து வந்த தலைவரிடம் எர்லிக்குக்குப் பழைய சுதந்திரம் இல்லை. மனமும் உடம்பும் தளர்ந்தன. இருமல் விடவில்லை. தம் சளியை எடுத்துத் தாமே சாயம் போட்டுப் பார்த்தார். காசநோய்க் கிருமி இருந்தது. ஊருக்கெல்லாம் நோயைக் காட்டிக்கொடுக்கத் தாம் செய்த முறை தம் நோயையும் காட்டிக்கொடுத்தது.

1888-ல் வேலையை விட்டுவிட்டு மனைவியுடன் எகிப்துக்குப் போனார். அங்கே உலர்ந்த காற்றில் உடம்பு தேறியது. பெர்லின் திரும்பியபோது கையில் உத்தியோகம் இல்லை. மாமனார் வீட்டு உதவியில் சிறிய சோதனைச்சாலை ஒன்றை அமைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தார். பிறகு கோக் அவரைத் தம் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி மட்டும் நெடுங்காலம் வரவில்லை. அந்நாளைய ஜெர்மனியில் யூதராகப் பிறந்தவர்களுக்கு அது எட்டாக்கனி. பிராங்பர்ட்டில் புதிய பல்கலைக்கழகம் தொடங்கிய 1914-ல்தான், 60-வது வயதில், அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது.

1891-ல் மெத்திலின் நீலத்தை மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் இருந்தது. துணிக்குப் போடும் சாயம் மனிதனுக்கு மருந்தாகும் என்பது உலகுக்குத் தெரிந்தது. பின்னாளில் வந்த சில மலேரியா மாத்திரைகளுக்கு இதுவே ஆரம்பம்.

அதே சமயம் தொண்டை அடைப்பான் நோய் ஐரோப்பாவில் குழந்தைகளை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பேரிங் என்ற டாக்டர் அதற்கு மருந்துநீர் கண்டிருந்தார். ஆனால் ஒரு புட்டியில் வீரியம் அதிகம், இன்னொரு புட்டியில் குறைவு. எந்தக் குழந்தை பிழைக்கும் என்று சொல்ல முடியவில்லை. எர்லிக் அந்த மருந்துக்கு அளவுகோல் செய்து கொடுத்தார். படிக்கல் இல்லாமல் வியாபாரம் செய்த கடைக்குத் தராசும் படிக்கல்லும் வந்ததுபோல ஆயிற்று. அதன் பிறகே அந்த மருந்தை டாக்டர்கள் நம்பிக் கொடுக்க முடிந்தது.

இந்த வேலைக்காக அரசாங்கம் 1896-ல் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்சில் ஒரு சிறு நிலையம் அமைத்தது. 1899-ல் அது பிராங்பர்ட் நகரத்துக்கு மாற்றப்பட்டு விரிவாக்கப்பட்டது. எர்லிக் அதன் தலைவர். 1906-ல் பிரான்சிஸ்கா ஸ்பையர் என்ற சீமாட்டி, காலமான தம் கணவர் நினைவாக, பக்கத்திலேயே மருந்து ஆராய்ச்சிக்கென்று ஒரு கட்டிடமும் கட்டிக் கொடுத்தார்.

சுருட்டும் வண்ணச் சீட்டும்

எர்லிக்கின் அறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மேஜை, நாற்காலி, தரை எங்கும் புத்தகமும் காகிதமும். வந்தவர் உட்கார இடம் இருக்காது. நாளைக்கு இருபத்தைந்து சுருட்டு பிடிப்பார். சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடப்பார். சாப்பாடு குறைவு.

உதவியாளர் ஒவ்வொருவருக்கும் மறுநாள் என்ன வேலை என்று வண்ணச் சீட்டுகளில் எழுதிவிடுவார். காலையில் வந்ததும் அவரவர் சீட்டு அவரவர் கைக்கு வரும். சீட்டில் உள்ளபடி வேலை நடந்தாக வேண்டும். யோசனை வந்துவிட்டால் கையில் எது கிடைத்தாலும் அதில் எழுதுவார். சட்டைக் கையும் மேஜை விரிப்பும்கூடத் தப்பியதில்லை.

ஆராய்ச்சிக்குப் பணம், பொறுமை, கைத்திறன், அதிர்ஷ்டம் என்ற நான்கும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஜெர்மன் மொழியில் நான்குக்கும் முதல் எழுத்து ஒன்றே.

1908-ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ரஷ்யாவில் பிறந்து பாரிசில் பணியாற்றிய மெச்னிகாப் என்பவருடன் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடம்பைக் காப்பது கிருமிகளைப் பிடித்து விழுங்கும் அணுக்கள் என்பது மெச்னிகாப் கட்சி. ரத்தத்தில் உள்ள மாற்றுப் பொருள்கள் கிருமியின் விஷத்தில் ஒட்டிக்கொண்டு முறிக்கின்றன என்பது எர்லிக் கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு என்று பின்னால் தெரிந்தது.

606-வது மருந்து

நோயாளிக்குக் கெடுதல் செய்யாமல் கிருமியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு கொல்லும் மருந்து ஒன்று வேண்டும். இதுதான் எர்லிக்கின் கனவு. குறி தவறாத மந்திரக் குண்டு என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அந்நாளில் மேகப்புண் ஐரோப்பாவை அரித்துக்கொண்டிருந்தது. பாதரசம்தான் மருந்து. நோயோடு பல்லும் போகும். 1905-ல் அந்நோயின் கிருமியை ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். எர்லிக்கும் அவருடைய ரசாயன நிபுணர் பெர்த்தைமும் பாஷாணச் சத்துள்ள கூட்டுப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து எண் போட்டு வைத்தார்கள். நூறு, இருநூறு, ஐந்நூறு என்று எண்கள் ஏறின.

606-வது பொருளைச் சோதித்த உதவியாளர் ஒருவர் அது பயனற்றது என்று ஒதுக்கிவிட்டார். 1909-ல் ஜப்பானிலிருந்து சஹாசிரோ ஹாட்டா என்பவர் வந்து சேர்ந்தார். முயலுக்கு மேகப்புண் வரவழைத்துச் சோதிக்கத் தெரிந்தவர். பொறுமைசாலி. ஒதுக்கப்பட்ட பொருள்களையும் மறுபடி சோதிக்கும்படி எர்லிக் அவரிடம் சொன்னார். 606-ஐ ஊசி போட்ட முயல்களின் புண் ஆறியது. கிருமி மறைந்தது.

1910 ஏப்ரலில் வீஸ்பாடன் மாநாட்டில் இந்தச் செய்தி வெளியானது. உலகெங்கிலுமிருந்து டாக்டர்கள் மருந்து கேட்டுப் பிராங்பர்ட்டுக்குப் படையெடுத்தார்கள். விற்பனைக்கு விடுமுன் சுமார் 65,000 ஊசிகளுக்கான மருந்தை டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பலனை எழுதி அனுப்பச் சொன்னார் எர்லிக். பிறகு சால்வர்சான் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது.

வேலியில் முட்டிய மருந்து

மேகப்புண் தோலோடு நிற்கிற நோய் இல்லை. சரியாகக் குணமாகாவிட்டால், பல வருடம் கழித்துச் சிலருக்கு மூளையைத் தாக்கும். புத்தி பேதலிக்கும். கைகால் தளரும். சில ஆண்டுகளில் மரணம். ஐரோப்பியப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இந்த நோயாளிகள் ஏராளம். 1913-ல் அப்படி இறந்தவர்களின் மூளையில் மேகப்புண் கிருமியையே நொகுச்சி, மூர் என்ற இருவர் எடுத்துக் காட்டினார்கள்.

கிருமி ஒன்றேதான். அதைக் கொல்லும் மருந்தும் கையில் இருக்கிறது. ஆனால் தோல் புண்ணை ஆற்றிய சால்வர்சான் மூளை நோயில் தடுமாறியது. ரத்தத்தில் செலுத்திய மருந்து போதிய அளவு மூளைக்குள் போய்ச் சேரவில்லை. 1912-ல் அமெரிக்காவில் ஸ்விப்ட், எல்லிஸ் என்ற டாக்டர்கள் மாற்று வழி தேடினார்கள். சால்வர்சான் ஊசி போட்ட நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, முதுகுத்தண்டு வழியாகத் தண்டுவட நீரில் செலுத்திப் பார்த்தார்கள். வாசல் அடைத்திருந்தால் கொல்லைப்புறமாகப் போவோம் என்பதுபோல.

இதே காலத்தில்தான் எர்லிக்கின் 1885-ம் ஆண்டுக் குறிப்புக்கும் விடை கிடைத்தது. விடை சொன்னவர் எட்வின் கோல்ட்மன். பிரைபர்க் நகரத்து அறுவை டாக்டர். எர்லிக்கின் சீடர் என்று மருத்துவ வரலாறு குறிப்பிடுபவர். அவர் டிரைப்பான் நீலம் என்ற சாயத்தை எடுத்துக்கொண்டார். முதலில் ரத்தக் குழாயில் ஊசி போட்டார். எர்லிக் கண்டதுபோலவே உடம்பெல்லாம் நீலம். மூளை மட்டும் வெளுப்பு. 1913-ல் அதே சாயத்தைத் தண்டுவட நீரில் செலுத்தினார். இப்போது கதை தலைகீழ். மூளை முழுவதும் நீலம். மற்ற உறுப்புகள் வெளுப்பு.

ஆக, அந்தச் சாயத்துக்கும் மூளைக்கும் ஒட்டுறவு இல்லாமல் இல்லை. உள்ளே போனால் ஏறத்தான் செய்கிறது. ரத்தத்திலிருந்து உள்ளே போகத்தான் முடியவில்லை. அப்படியானால் நடுவே ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது. குருவின் வழியில் வந்த சோதனை, குருவின் விளக்கத்தை மாற்றி எழுதியது.

அந்தத் தடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் காண இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1967-ல் அமெரிக்காவில் ரீஸ், கார்னாவ்ஸ்கி என்ற இருவர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார்கள். உடம்பின் மற்ற இடங்களில் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் அணுக்களுக்கு நடுவே கசிவுக்கு இடம் உண்டு. மூளையின் குழாய்களில் அந்த அணுக்கள் சந்து இல்லாமல் இறுக்கிப் பூசியதுபோல ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கின்றன. அதுவே வேலி.

கடைசி நாட்கள்

புகழோடு வசையும் வந்தது. சால்வர்சான் ஊசியால் சிலருக்குக் கேடு விளைந்தது. மருந்தைக் காற்றுப் படாமல் கரைத்துக் கவனமாகச் செலுத்த வேண்டும். தவறினால் ஆபத்து. இதை வைத்து எர்லிக்கைப் பணத்தாசை பிடித்தவர் என்று பழித்தார்கள். யூதர் என்பதைச் சொல்லியும் ஏசினார்கள். 1914-ல் பிராங்பர்ட் நீதிமன்றம் வரை விவகாரம் போயிற்று. அவதூறு செய்தவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் எர்லிக்கின் உடம்பு அதற்குள் ஓய்ந்துவிட்டது.

முதல் உலகப் போர் மூண்டது. அந்த வருடக் கடைசியில் அவருக்கு நோய் கண்டது. ஓய்வுக்காகப் போயிருந்த பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் 1915-ம் ஆண்டு ஆகஸ்ட் 20-ந் தேதி காலமானார். வயது 61.

பிராங்பர்ட் நகரம் அவர் பெயரை ஒரு வீதிக்கு வைத்திருந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்பதால், அந்தப் பெயர்ப் பலகையை எடுத்துவிட்டார்கள். அவருடைய மனைவி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. போருக்குப் பிறகு வீதிக்குப் பழைய பெயர் திரும்பியது. 1990-ல் வெளிவந்த ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில் எர்லிக்கின் முகம் அச்சாயிற்று. யூரோ நாணயம் வரும் வரை அந்த நோட்டு புழங்கியது.

வேலி இன்று

அந்த வேலி நமக்குச் செய்யும் உதவி பெரிது. ரத்தத்தில் கலக்கும் எத்தனையோ நச்சுப் பொருள்கள் மூளையை எட்டாமல் அது காக்கிறது. மூளைக்கு வேண்டிய சர்க்கரைக்கு அதில் தனி வாசல் உண்டு. ஆனால் சாராயமும், புகையிலையின் நிகோடினும், காப்பியில் உள்ள காபினும் காவலைச் சட்டை செய்யாமல் உள்ளே போய்விடும். எர்லிக் பிடித்த இருபத்தைந்து சுருட்டின் நிகோடினும், அவர் அறியாத அந்த வேலியைத் தினமும் தாண்டித்தான் போயிருக்கும்.

தொல்லையும் உண்டு. காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கும்போது, 1940-களில் வந்த ஸ்டிரெப்டோமைசின் ரத்தத்திலிருந்து சரியாக உள்ளே போகவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்த வேண்டியிருந்தது. 1952-ல் ஐசோனியசிட் மாத்திரை வந்தது. அது வேலியைத் தாண்டக்கூடியது. எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். கைநடுக்க நோய்க்கும் இதே கதை. மூளையில் குறைகிற டோபமின் என்ற சத்தை நேரே கொடுத்தால் உள்ளே போகாது. அதன் முன்வடிவமான லெவோடோபாவைக் கொடுத்தால் வேறொரு வாசல் வழியாகப் போய், உள்ளே டோபமினாக மாறிக்கொள்ளும்.

கிருமி தாக்கி மூளை உறை வீங்கும்போது வேலி தளர்ந்துவிடுகிறது. அதனால்தான் சாதாரண நாளில் அதிகம் உள்ளே போகாத பெனிசிலின், மூளைக்காய்ச்சலின்போது போய் வேலை செய்கிறது. வீக்கம் வடிய வடிய வேலி மறுபடி இறுகும். நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் டாக்டர் சொன்ன நாள் வரை முழு அளவு ஊசி போடுவது இதனாலும்தான்.

நாட்பட்ட மூளை அழற்சியைப் பற்றி இன்று ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது. அதில் மெச்னிகாப்பின் விழுங்கும் அணுக்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. மூளைக்கென்றே அப்படிப்பட்ட துப்புரவு அணுக்கள் உண்டு என்று 1919-ல் ஸ்பெயின் நாட்டின் ரியோ ஓர்ட்டேகா காட்டினார். அவை அளவுக்கு மீறிச் சினந்தால் நல்ல நரம்பையும் கெடுத்து வேலியையும் தளர்த்துகின்றன. இதுவன்றி ஒவ்வோர் அணுவும் தன் பழுதான பகுதியைத் தானே விழுங்கிச் செரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இதற்குத் தன்னையே உண்ணுதல் என்ற பொருளில் 1963-ல் டி டுவே என்பவர் பெயரிட்டார். அது நடக்கும் விதத்தை விளக்கிய ஜப்பானின் ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த உள்வீட்டுத் துப்புரவு மந்தப்பட்டால் குப்பை சேர்ந்து அழற்சிக்கு இடமாகிறது. முதுமை மறதி நோயில் இவற்றின் பங்கு என்ன என்று ஆராய்கிறார்கள். மருந்து தேடும் ஒவ்வொருவருக்கும் முதல் கேள்வி, அது வேலியைத் தாண்டுமா என்பதுதான்.

கணக்குப் புத்தகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். பதிவு சரியாக இருந்தால், ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதிய காரணம் தவறானாலும் பிறகு வருகிறவர் திருத்திக்கொள்ளலாம். பதிவே இல்லாவிட்டால் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது. 1885-ல் எர்லிக் தம் கொள்கைக்கு வசதியாக மூளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. மூளையில் சாயம் ஏறவில்லை என்று கண்டபடி எழுதி வைத்தார். அவர் சொன்ன காரணம் 28 வருடங்களில் மாறியது. அவர் செய்த பதிவு இன்றும் நிற்கிறது.